மைசூர்ப் போர்க் காட்சிகள்: பழைய அரசியல் செதுக்கோவியங்களைச் சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசியல் காட்சிச் செதுக்கோவியம் என்று எதைச் சொல்கிறோம்?

உடன்படிக்கை, முற்றுகை, சரணடைதல், நாடாளுமன்ற விசாரணை, மன்னனின் மரணம் போன்ற ஒரு பொது நிகழ்ச்சியைச் செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ செதுக்கி, மை தேய்த்து, ஈரத் தாளின் மேல் உருளைப் பொறியால் அழுத்தி எடுத்த படத்தையே அப்படிச் சொல்கிறோம். புகைப்படம் பிறப்பதற்கு முந்திய காலத்தில் லண்டன்வாசிக்கு இதுதான் செய்திப் படம். வசதி படைத்தவருக்கு வரவேற்பறை அலங்காரம். கட்சிக்காரருக்குப் பிரசாரத் துண்டு. இத்துறை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. ஆகவே, கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூர் அரசுக்கும் நடந்த போர்களை ஒட்டி, ஏறத்தாழ 1783 முதல் 1843 வரை லண்டனில் வெளியான படங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஒரே போரைப் போற்றும் படமும் பழிக்கும் படமும் அவற்றுள் இருக்கின்றன. போர் நடந்த நிலமும் நமக்கு அந்நியமானதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரும் வேலூர்க் கோட்டையும் திண்டுக்கல்லும் இந்தக் கதைக்குள்தான் வருகின்றன.

மைசூரைப் பற்றிய படங்களை லண்டனில் ஏன் அத்தனை பேர் வாங்கினார்கள்?

இந்தியா அப்போது இங்கிலாந்தின் உள்நாட்டு அரசியலாக இருந்தது என்பதே காரணம். கம்பெனியின் நிர்வாகத்தை நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர்களிடம் ஒப்படைக்க அமைச்சர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதா 1783 டிசம்பரில் பிரபுக்கள் அவையில் தோற்றது. அத்தோடு அமைச்சரவையும் போயிற்று. முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான நாடாளுமன்ற விசாரணை 1788-இல் தொடங்கி, 1795-இல் அவர் விடுவிக்கப்படும்வரை இழுத்துக்கொண்டே போனது. இவற்றுக்கு நடுவில், 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ் பிரபு, கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-இல் திப்பு சுல்தானைப் பணியவைத்தார். தோற்ற தளபதி வென்று திரும்பும் கதையை எந்த ஊர் வேண்டாம் என்று சொல்லும்? வெற்றிச் செய்தி போய்ச் சேர்ந்ததுமே ஓவியர்களும் அச்சு வியாபாரிகளும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

பிணைச் சிறுவர்கள் படம் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது எது?

ஒரு படம் அன்று, ஒரு குடும்பம் என்றே சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்கவும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்தவும், அது தீரும்வரை தன் மகன்கள் இருவரைப் பிணையாக ஒப்படைக்கவும் நேர்ந்தது. சுமார் பத்து வயதான அப்துல் காலிக்கும் எட்டு வயதான முயிசுத்தீனும் 1792 பிப்ரவரி 26 அன்று யானை மேல் அமர்ந்து ஆங்கிலேயர் பாசறைக்கு வந்தார்கள். கார்ன்வாலிஸ் அவர்களை அணைத்து வரவேற்று, ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். பின்னர் அவர்கள் சென்னையில் வைக்கப்பட்டு 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள்.

இந்த ஒரு காட்சியை ராபர்ட் ஹோம், மேதர் பிரவுன், ஹென்றி சிங்கிள்டன் எனப் பலர் வரைந்தார்கள். பிரவுனின் ஓவியத்தை டேனியல் ஓர்ம் செதுக்கி வெளியிட்டார். எல்லாவற்றிலும் ஒரே அமைப்புதான்: நடுவில் சிவப்புச் சட்டை அணிந்த பெரியவர், கை நீட்டி நிற்கிறார், எதிரே வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக இரண்டு குழந்தைகள், இருபுறமும் அதிகாரிகளும் வக்கீல்கள் எனப்பட்ட திப்புவின் தூதர்களும், பின்னால் யானையோ கூடாரமோ. பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளைப் பிடித்துவைத்த செயலை, தாய்மாமன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை வரவேற்பது போல மாற்றிக் காட்டுவதே அந்த அமைப்பின் வேலை. அதை அறிந்துகொண்டு பார்த்தால் படத்தின் மதிப்பு குறைவதில்லை, என்னளவில் கூடுகிறது.

ஓவியர்கள் அந்த நிகழ்ச்சியை நேரில் பார்த்தார்களா?

பெரும்பாலோர் பார்க்கவில்லை. அமெரிக்காவில் பிறந்து லண்டனில் தொழில் செய்த மேதர் பிரவுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சிங்கிள்டனும் அப்படியே. ராபர்ட் ஹோம் மட்டும் விதிவிலக்கு. 1791-இல் சென்னைக்கு வந்த அவர், கார்ன்வாலிஸின் படையோடு சென்று கோட்டைகளையும் மலைகளையும் அங்கேயே வரைந்தார். பிணைச் சிறுவர் ஓவியத்தின் ஓரத்தில் ஓவியத் தாள்களின் கட்டு ஒன்றை ஏந்தியபடி தன்னையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஓவியம் இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய மைசூர்க் காட்சிகள் செதுக்கப்பட்டு 1794-இல் லண்டனில் நூலாக வந்தன. அதே ஆண்டில் அலெக்சாண்டர் ஆலன் என்ற படை அதிகாரியின் மைசூர்க் காட்சிகளும் வெளியாயின. கோட்டைகளின் உண்மைத் தோற்றம் வேண்டுவோர் இவற்றைத் தேட வேண்டும். உணர்ச்சிமயமான பெரிய காட்சி வேண்டுவோர் பிரவுனையும் சிங்கிள்டனையும் தேட வேண்டும். இரண்டும் வெவ்வேறு பண்டங்கள் என்பதை விற்பவர்களில் பலர் பிரித்துச் சொல்வதில்லை.

1799 வீழ்ச்சியைக் காட்டும் படங்களில் முக்கியமானவை எவை?

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்தார். மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர், இந்தியாவைக் கண்ணால் காணாமலேயே, நூறு அடிக்கு மேல் நீண்ட மாபெரும் துணி ஓவியமாக அந்த முற்றுகையை வரைந்து லண்டன் லைசியம் அரங்கில் காட்சிக்கு வைத்தார். மக்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் அந்தத் துணி தீக்கிரையாயிற்று. ஜியோவானி வென்ட்ராமினி அதை மூன்று பெரிய தாள்களாகச் செதுக்கியதால்தான் அந்த ஓவியம் எப்படியிருந்தது என்பது நமக்குத் தெரிகிறது. படத்தில் இருப்பவர் யார் யார் என்று காட்டும் விளக்கத் தாள்களும் உண்டு. மூன்று தாளும் விளக்கத் தாளும் சேர்ந்து கிடைப்பது அரிது. தனித் தாள்கள் அவ்வப்போது வருகின்றன.

சிங்கிள்டன், திப்புவின் கடைசிப் போராட்டத்தையும் அவர் உடலைக் குடும்பத்தார் அடையாளம் காணும் காட்சியையும் வரைந்தார். அந்தோனி கார்டன் போன்றோர் அவற்றைப் புள்ளிச் செதுக்கல் முறையில் செதுக்கினார்கள். அந்தக் குடும்பத்தார் பின்னர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டார்கள் என்பதும், 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதும் நமக்குத் தெரிந்த தொடர்ச்சி.

இந்த வரிசையில் கடைசிப் பெரிய படம் டேவிட் வில்கியுடையது. திப்புவின் உடலைத் தீவட்டி வெளிச்சத்தில், கோட்டைத் தாக்குதலை நடத்திய ஆங்கிலேயத் தளபதி சர் டேவிட் பேர்டு கண்டெடுக்கும் காட்சியை 1839-இல் வில்கி வரைந்து முடித்தார். ஜான் பர்னெட் செதுக்கிய பதிப்பு 1843-இல் வந்தது. பேர்டு நிற்கும் இடத்துக்குக் கீழே, சுவரின் அடியில் ஒரு கம்பிச் சன்னல் தெரியும். 1780-இல் பொள்ளிலூரில் காயமுற்றுப் பிடிபட்ட பேர்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் சிறைவைக்கப்பட்டிருந்தார். அந்த நிலவறையைக் குறிக்கவே வில்கி அதை வைத்தார். மங்கலான அச்சுப்படிகளில் இந்தச் சன்னல் கருந்திட்டாகிவிடும். நல்ல படியில் கம்பிகளைத் தனித்தனியாக எண்ணலாம். இந்தப் படத்தை வாங்கப் போகிறவர்கள் முகங்களைப் பார்ப்பதற்கு முன் அந்த மூலையைப் பார்ப்பது நல்லது.

எல்லாப் படங்களும் கம்பெனியைப் போற்றுபவைதானா?

இல்லை. லண்டன் கேலிச்சித்திரக்காரர்கள் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஃபாக்ஸின் மசோதாக் காலத்தில் ஜேம்ஸ் சேயர்ஸ், ஃபாக்ஸைக் கீழை நாட்டு மன்னராக்கி, அவருடைய கூட்டணி அமைச்சரான நார்த் பிரபுவின் முகம் கொண்ட யானை மேல் ஏற்றி, கம்பெனியின் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவுக்குள் ஊர்வலம் விட்டார். 1786-இல் ஜேம்ஸ் கில்ரே, ஒட்டகத்தின் மேல் வரும் ஹேஸ்டிங்ஸை, அவர்மேல் குற்றம்சாட்டிய எட்மண்ட் பர்க்கும் ஃபாக்ஸும் நார்த்தும் கொள்ளையரைப் போல வழிமறிப்பதாகக் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1791 டிசம்பரில் வந்த கில்ரேயின் படம். அவ்வாண்டு மே மாதத்தில் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய், மழையாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் பின்வாங்க நேர்ந்தது. பருவமழை வந்துவிட்டது என்று தலைப்பிட்டு, கோட்டை மதில் மேல் நின்று திப்பு சிறுநீர் கழிக்க, கீழே கார்ன்வாலிஸ் கழுதை மேல் ஓடுவதாக கில்ரே வரைந்தார். அடுத்த மூன்று மாதத்துக்குள் அதே கார்ன்வாலிஸ் பிள்ளைகளை அணைத்து நிற்கும் நாயகனாகிவிட்டார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து மாட்டிவைத்தால் அந்தக் காலத்து லண்டனின் மனம் ஒரே சுவரில் தெரியும்.

படத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளை எப்படிப் படிப்பது?

படத்தைப் பார்க்கும் முன் அடியெழுத்தைப் படியுங்கள் என்றே புதியவர்களுக்கு எப்போதும் சொல்கிறேன். இடது மூலையில் ஓவியரின் பெயர் இருக்கும். அதனோடு ‘பின்க்சிட்’ என்ற இலத்தீன் சொல்லோ அதன் சுருக்கமோ வந்தால் அவர் அதை வண்ண ஓவியமாகத் தீட்டினார் என்று பொருள்; ‘டெலினியாவிட்’ என்றால் கோட்டோவியமாக வரைந்து கொடுத்தார். வலது மூலையில் ‘ஸ்கல்ப்சிட்’ என்று வருவது தகட்டைச் செதுக்கியவர் பெயர். ‘எக்ஸ்கூடிட்’ என்பது வெளியிட்டவரைக் குறிக்கும்.

இவற்றுக்கும் கீழே, சில சமயம் தலைப்புக்கும் அடியில், வெளியீட்டாளரின் பெயர், தெரு, நாள், மாதம், ஆண்டு அனைத்தும் ஒரே வரியில் இருக்கும். ஓவியர் ஹோகார்த் முதலியோரின் முயற்சியால் 1735-இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், உரிமையாளர் பெயரையும் வெளியிட்ட தேதியையும் தகட்டிலேயே பொறித்தால்தான் காப்புரிமை என்று விதித்தது. முதலில் 14 ஆண்டுகளாக இருந்த உரிமைக் காலத்தை 1767-இல் 28 ஆண்டுகளாக்கினார்கள். திருட்டுப் பதிப்புக்கு அஞ்சிய வியாபாரிகள் செய்த அந்த ஏற்பாடுதான் இன்று நமக்குப் பிறப்புச் சான்றிதழாகப் பயன்படுகிறது. அந்த வரி வெட்டப்பட்ட படத்தை வாங்குவது, பட்டா இல்லாமல் நிலம் வாங்குவது போல.

ஆனால் தேதி தகட்டின் வயதைச் சொல்லுமே தவிர, உங்கள் கையில் உள்ள தாளின் வயதைச் சொல்லாது. தகடு கைமாறி, இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அதே தேதியோடு அச்சிட்டிருக்கலாம். பழைய முகவரியைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பொறித்திருக்கவும் கூடும். சுரண்டிய இடத்தில் தாள் லேசாக அழுக்கேறியது போல் சாம்பல் நிறம் தட்டும்.

தாளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான இணைகோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளிக் கோடுகளும் தெரிந்தால் அது பழைய முறைக் கோட்டுத் தாள். கோடுகளே இல்லாமல் சீராகத் தெரிந்தால் 1750-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் அறிமுகமான வழுவழுப்புத் தாள். நம் காலப் படங்களில் இரண்டும் உண்டு.

நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதிந்து வெளிச்சத்தில் மட்டும் தெரியும் அடையாளம், கிடைத்தால் அதிர்ஷ்டம். 1794-இல் வந்த ஒரு வரிச் சட்டம், ஏற்றுமதித் தாளுக்கு வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் ஆண்டு இருக்க வேண்டும் என்றது. அதனால் ஆங்கிலத் தாள் பலவற்றில், வாட்மன் ஆலையின் தாள் உட்பட, ஆண்டு தெளிவாகத் தெரியும். அடியெழுத்து 1793 என்றும் நீர்க்குறி 1811 என்றும் சொன்னால் அது பிற்காலப் படி. அது போலி ஆகாது; விலை மட்டும் முதற்படி விலையாக இருக்கக் கூடாது.

அசலையும் நகலையும் கண்ணால் பிரிக்க முடியுமா?

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போதும். உருளைப் பொறியின் அழுத்தத்தால் படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ள விளிம்பு பதிந்திருக்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் இருக்காது. அந்த விளிம்பை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் அதைச் செயற்கையாக அழுத்திவைப்பதும் உண்டு.

பிணைச் சிறுவர் படம் ஒன்றின் கன்னத்தை லென்ஸில் பார்த்ததைச் சொல்கிறேன். வெறும் கண்ணுக்கு மென்மையான நிழலாகத் தெரிந்த இடம், லென்ஸில் மழைத்தூறல் விழுந்த மணல் போல இருந்தது: பெரியதும் சிறியதுமான புள்ளிகள், சில கூராகவும் சில வட்டமாகவும், நிழல் கூடக் கூட நெருங்கி, வெளிச்சம் கூடக் கூட விலகி. ஒவ்வொரு புள்ளியிலும் மை மேட்டளவாக நின்றது. இதுதான் ஸ்டிப்பிள் எனப்படும் புள்ளிச் செதுக்கல். அதே காட்சியின் நகல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் புள்ளிகள்தான்; ஆனால் சதுரக் கட்டத்தில் வரிசை தவறாமல் நின்றன, எழுத்துகளும் புள்ளிகளாகவே சிதறியிருந்தன. 1880-களுக்குப் பின் பரவிய புகைப்பட அச்சு முறையின் அடையாளம் அது. எழுத்து ஒரே கோடாக இருக்கிறதா, புள்ளியாக உடைகிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உளியால் வெட்டிய கோடு கூராகத் தொடங்கித் தடித்துக் கூராக முடியும். அமிலத்தால் அரித்த எட்சிங் கோடு முனையில் மழுங்கி, பேனாவால் கிறுக்கியது போல் சுதந்திரமாக ஓடும். கில்ரேயின் வேகம் அதில்தான் வந்தது. தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சப் பகுதிகளை வழித்தெடுக்கும் மெசோடின்ட் முறையில் வெல்வெட் கறுப்பு. பொடி தூவிய தகட்டை அமிலத்தால் அரிக்கும் அக்வாடின்ட் முறையில் நீர்வண்ணச் சாயல். 1842-இல் தொடங்கிய லண்டன் படச் செய்தி வார இதழில் வருபவை மரக்கட்டைச் செதுக்கல்கள். அவற்றில் தகட்டுப் பள்ளம் இராது, பின்பக்கத்தில் பெரும்பாலும் செய்தி அச்சாகியிருக்கும்.

முதற்படிக்கும் பிற்படிக்கும் அப்படி என்ன வேறுபாடு?

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை மை தேய்த்துத் துடைக்கும்போதும் நுண்ணிய கோடுகள் தேய்கின்றன. மெசோடின்ட் தகடு மிக விரைவில் தளரும். புள்ளித் தகட்டில் முகத்தின் மெல்லிய சாயல்கள் முதலில் போகும். உளிக் கோடு சற்றுத் தாங்கும். 1820-களில் எஃகுத் தகடு வந்தபின்தான் ஆயிரக்கணக்கில் சீராக எடுக்க முடிந்தது.

அன்றைய வியாபாரிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். படம் வெளிவரும் முன்பே முன்பணம் கட்டிப் பெயர் கொடுத்தவர்களுக்கு நல்ல படிகளைக் கொடுத்தார்கள். தலைப்பு எழுத்துகளைப் பொறிக்கும் முன் எடுத்த மெய்ப்புப் படிகளைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். எழுத்தில்லாத படி இன்று கிடைத்தால் அது மெய்ப்பாகவும் இருக்கலாம், அடியை வெட்டியதாகவும் இருக்கலாம். தகட்டு விளிம்பு அடியில் முழுமையாக இருந்து, அதற்கும் படத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால்தான் மெய்ப்பு.

வண்ணம் தீட்டிய படம் உயர்ந்ததா, கறுப்பு வெள்ளை உயர்ந்ததா?

முறையைப் பொறுத்தது. கேலிச்சித்திரங்களைக் கடையிலேயே ஆள் வைத்துக் கையால் வண்ணமிட்டு விற்றார்கள். டேனியல் உறவினர்கள், தாமஸும் வில்லியமும், 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகள் போன்ற அக்வாடின்ட்களுக்கும் வண்ணமே இயல்பு. பெரிய வரலாற்றுக் காட்சியை உளிக் கோட்டில் செதுக்கியவர்கள் வண்ணத்தை நினைத்துச் செதுக்கவில்லை. அத்தகைய படம் பளிச்சென்ற நீலமும் சிவப்புமாக வந்தால், சுவருக்கு அழகாக இருக்கட்டுமென்று பின்னாளில் யாரோ தீட்டியது என்றே முதலில் எண்ணுங்கள். பழந்தாளில் ஈரத்தால் தோன்றும் பழுப்புப் புள்ளியின் மேலோ தாளின் கிழிசலுக்குள்ளோ வண்ணம் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நூலிலிருந்து பிரித்த தாள்களை வாங்கலாமா?

வாங்கலாம், சந்தையில் உள்ள மைசூர்க் காட்சிகளில் பெரும்பகுதி அப்படிப் பிரித்தவைதான். தையல் துளைகளும் நடுமடிப்பும் இருக்கும், விலையும் தனிப் படத்தைவிடக் குறைவாக இருக்கும். முழு நூலாக இருப்பதைப் படத்துக்காகப் பிரிப்பவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. உங்களுக்கு ஒரு முழுப் பிரதி கிடைத்தால், தாள்தாளாக விற்றால் கூடுதல் வரும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது?

லண்டன் அச்சுப்பட வியாபாரிகளும் பிரிட்டிஷ் மாகாண ஏலங்களும்தான் முதன்மைச் சந்தை. இந்தியப் பெருநகர்களில் பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் வருவதுண்டு. சென்னையில் 1985-இல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் பழைய புத்தகக் குவியல்களில் இத்தகைய தாள்கள் அகப்பட்டதாக மூத்தவர்கள் பெருமூச்சுடன் சொல்வார்கள்.

கேட்க வேண்டியவை இவை: தகட்டின் அளவும் தாளின் அளவும் தனித்தனியே எத்தனை மில்லிமீட்டர், ஓரம் எங்காவது வெட்டப்பட்டிருக்கிறதா, வேறு தாளிலோ அட்டையிலோ ஒட்டப்பட்டிருக்கிறதா, பின்பக்கத்தின் படம் கிடைக்குமா. கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பது உத்தமம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் இப்படங்களில் பலவற்றின் அளவும் அடியெழுத்தும் எழுத்துக்கு எழுத்து பதிவாகியிருக்கின்றன. பணம் கட்டும் முன் அங்கே ஒப்பிட்டுவிடுங்கள்.

இந்தியாவில் வாங்கிய படத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா?

நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். லண்டனில் அச்சான தாள்தானே என்று பெட்டியில் வைத்து விமான நிலையம் போகாதீர்கள். வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவருபவர்கள் விற்பனைச் சீட்டையும் சுங்கத் தாள்களையும் படத்தோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அந்தத் தாள்களே பொருளின் வரலாறாகிவிடும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் எப்படிப் பாதுகாப்பது?

கடற்கரை ஊர்களில் ஈரப்பதமே முதல் எதிரி. ஐம்பது விழுக்காட்டை ஒட்டி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருக்க முடிந்தால் பழுப்புப் புள்ளிகள் பெருகா. அடுத்த எதிரி இராமபாணப் பூச்சி. பசையைத் தேடி வந்து படத்தையும் சேர்த்து மேய்ந்துவிடும். அமிலமில்லாத அட்டைக்கு இடையில் வைத்து, பெட்டியில் படுக்கவைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். அலமாரியில் வசம்பு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைக்கலாம். ஓலைச்சுவடிக்குத் தடவும் புல்லெண்ணெயைத் தாளில் தடவிவிடாதீர்கள். ஓலைக்கு நல்லது தாளுக்குக் கேடு. நெகிழித் தாளில் லேமினேட் செய்வது படத்தை உயிரோடு புதைப்பதற்குச் சமம்.

மாட்டுவதானால் வெயில் படாத சுவரில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குள், கண்ணாடி படத்தைத் தொடாதபடி மாட்டுங்கள். சமையலறையை ஒட்டிய சுவர் கூடவே கூடாது.

சட்டம் போடக் கொடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிங்கிள்டனின் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய ஒரு தாளை, பல ஆண்டுகளுக்கு முன், பூசையறைப் படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். என்ன செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. படம் சுருங்காமல் நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவர் முதுகு முழுவதும் வெள்ளைப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிட்டார். சட்டத்துக்குள் அடங்குவதற்காக அடியில் அரை அங்குலத்தை வெட்டியும் இருந்தார். வெளியீட்டு வரி போயிற்று. வெட்டிய துண்டைக் கேட்டேன். குப்பையோடு போய்விட்டது என்றார். படம் இன்றும் என்னிடம் இருக்கிறது, ஹார்டுபோர்டோடு.

ஆகவே எழுதிக் கொடுங்கள்: ஒட்டக் கூடாது, வெட்டக் கூடாது, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு ஜப்பானியத் தாள் கீற்றுகளைக் கோதுமை மாவுப் பசையால் பொருத்தித் தொங்கவிட வேண்டும். அந்தப் பசை தண்ணீரில் கரையும் என்பதே அதன் சிறப்பு. வெளுப்பதற்கு ப்ளீச்சிங் பவுடர் போடலாம் என்று யாராவது சொன்னால் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்; வெளுப்பதும் கழுவுவதும் தாள் பாதுகாப்பு பயின்றவர் வேலை.

வாங்காமலே இவற்றை எங்கே பார்க்கலாம்?

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே அக்காலப் படங்களும், திப்புவின் மகன்களைத் தாமஸ் ஹிக்கி நேரில் பார்த்து வரைந்த கோட்டோவியங்களும் உண்டு. வெளிச் சுவரில் பொள்ளிலூர்ப் போர்: ஆங்கிலேயப் படை சதுரமாகச் சூழப்பட்டு நிற்க, அதன் தளபதி கர்னல் பெய்லி பல்லக்குக்குள் அடைபட்டிருக்கிறார். லண்டன் தகடுகள் செதுக்க விரும்பாத அந்தத் தோல்வியைத் திப்பு தன் வீட்டுச் சுவரிலேயே வரையவைத்தார்.

சென்னையில் உள்ளவர்கள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலை அங்கே நிற்கிறது. அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள்: பிரவுனும் சிங்கிள்டனும் தாளில் விற்ற அதே காட்சி, அதே இரண்டு சிறுவர்கள், கல்லில்.